படைத்தவரோடு சேர்த்துப் படிப்பது: சுயாதீன காமிக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூரான காதுகள், கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, உலகமே தன் காலடியில் என்கிற திமிர். அவனைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அவனை எழுதியது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. விடை தெரிந்த அன்று வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

1960களில் பிரிட்டனின் ஒரு வார இதழில் ஸ்பைடர் பிறந்தான். டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். பிறகு எழுத்துப் பொறுப்பை ஏற்றவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான அதே சீகல்தான். கிளீவ்லண்டில் பள்ளித் தோழர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 1938இல் இருவருமாக 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வழக்கும் வேண்டுகோளுமாகக் கழிந்தன. சூப்பர்மேன் படம் தயாராகிறது என்று தெரிந்து சீகல் தன் நிலையைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்ன பிறகுதான், 1975இன் கடைசியில், ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைத்தவர் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. நாம் தமிழில் ரசித்த அந்தத் திமிர் பிடித்த வில்லனுக்கு வசனம் எழுதியவர், தன் சொந்தப் படைப்பையே இழந்து நின்ற மனிதர்.

உரிமை படைத்தவர் கையிலேயே இருக்கும் சுயாதீன காமிக்ஸ் என்ற உலகம் ஏன் உருவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. அதற்குள் புதிதாக நுழைபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதோடு, அந்த உலகத்தின் ரசிகர்கள் ஓயாமல் பேசும் ஒரு விஷயத்தையும், அதாவது படைப்பாளிகளின் குணத்தையும், எப்படிப் பேசுவது என்று சொல்லப் போகிறேன். இரண்டும் பிரிக்க முடியாதவை. ஒருவரே எழுதி, வரைந்து, எழுத்துருவையும் கையால் தீட்டி, அச்சுக்கும் கொடுக்கும்போது அவருடைய கோபமும் கஞ்சத்தனமும் பாசமும் மையோடு மையாகக் கலந்துதான் வரும்.

முதல் படி: உரிமைப் பக்கத்தைப் பாருங்கள்

புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையை ரசித்துவிட்டு உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் உரிமைக் குறிப்பைத் தேடுங்கள். அங்கே படைத்தவரின் பெயர் இருந்தால் அது நாம் பேசும் வகை. ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், எவ்வளவு புதுமையான படமாக இருந்தாலும், அந்தப் பாத்திரங்களை நாளை வேறொருவர் கையில் கொடுத்துவிட முடியும். கறுப்பு வெள்ளையில் இருந்தால் சுயாதீனம், கரடுமுரடாக வரைந்திருந்தால் சுயாதீனம் என்று சிலர் நினைப்பதுண்டு. கோட்டைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1984இல் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லேர்டும் தாங்களே பணம் போட்டு நின்ஜா ஆமைகளின் முதல் இதழை ஏறத்தாழ 3,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அது என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். 1988இல் சில படைப்பாளிகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் என்ற ஊரில் கூடி, படைப்பாளிகளின் உரிமைகள் இவை என்று ஒரு சாசனமே எழுதினார்கள். 1992இல் பெரிய நிறுவனங்களின் நட்சத்திர ஓவியர்கள் ஏழு பேர் வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். இவ்வளவு வரலாறு இப்போதைக்குப் போதும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல ஆசை. உரிமைப் பக்கத்தில் பெயர் வராத ஆட்களும் உண்டு. ஜெஃப் ஸ்மித் 1991இல் ஒஹையோவில் தொடங்கிய ‘போன்’ 55 இதழ்கள் ஓடி 2004இல் முடிந்தது. 1,300 பக்கத்துக்கு மேல். அவர் பலகையை விட்டு எழாமல் வரைய முடிந்ததற்குக் காரணம், சிலிக்கான் பள்ளத்தாக்கு வேலையை விட்டுவிட்டு வந்து பதிப்பு, கணக்கு, விநியோகம் எல்லாவற்றையும் தலையில் சுமந்த அவர் மனைவி விஜயா ஐயர். தனி ஒருவரின் சாதனை என்று எதையாவது கேள்விப்படும்போதெல்லாம் அலுவலக வேலையைப் பார்த்தது யார் என்று நான் தேடிப் பார்ப்பேன்.

இரண்டாம் படி: ஹார்வி பீக்கரில் தொடங்குங்கள்

எல்லோரும் ‘மௌஸ்’ என்பார்கள், ‘பெர்சபோலிஸ்’ என்பார்கள். இரண்டும் மகத்தானவை, கட்டாயம் படியுங்கள். ஆனால் படைப்பாளியின் குணமும் படைப்பும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று கற்றுக்கொள்ள, பீக்கரைப் போல ஒரு ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

சீகலின் ஊரான அதே கிளீவ்லண்ட். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் எழுத்தர் வேலை. பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் வெறி. 1960களின் தொடக்கத்தில் அதே ஊரில் வாழ்த்து அட்டை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் கிரம்ப் என்ற இளைஞருக்கும் இசைத்தட்டுப் பைத்தியம்தான். அப்படித்தான் பழக்கமானார்கள். பின்னாளில் கிரம்ப் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், 1968இல் ‘ஸாப்’ இதழ் மூலம், பெரிய நிறுவனங்களுக்கு வெளியே தணிக்கைக்கு அடங்காமல் வந்த தலைமறைவு (அண்டர்கிரவுண்ட்) காமிக்ஸின் பெரிய பெயராக ஆனார். பீக்கர் கிளீவ்லண்டை விட்டு நகரவில்லை. அவருக்கு வரையத் தெரியாது. கட்டம் போட்டு, குச்சி மனிதர்களை நிறுத்தி, அவர்கள் தலைக்கு மேல் வசனம் எழுதிக் காட்டினார். கிரம்ப் அதைப் பார்த்துவிட்டு நான் வரைகிறேன் என்றார். 1976இல் ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ முதல் இதழ் பீக்கரின் கைக்காசில் வெளிவந்தது.

என்ன கதை? பல்பொருள் அங்காடி வரிசையில் முன்னால் நிற்கும் வயதான பெண்மணி சில்லறைக்கு மல்லுக்கட்டுவது. காலையில் வண்டி கிளம்பாதது. தொலைபேசிப் புத்தகத்தில் தன் பெயரிலேயே இன்னொரு ஹார்வி பீக்கர் இருப்பதைக் கண்டு அவன் யாராக இருப்பான் என்று யோசிப்பது. நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மாமா உட்கார்ந்து தன் நாளைப் பற்றிப் புலம்பினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் அந்தப் புலம்பலில் இரண்டு பக்கம் தாண்டியதும் நெஞ்சை எதுவோ பிடித்துக்கொள்ளும்.

இங்கே உங்களுக்கு ஒரு பயிற்சி. பீக்கர் எழுதியதைப் பல ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள்: கிரம்ப், கேரி டம், ஃபிராங்க் ஸ்டாக், இன்னும் பலர். தொகுப்பில் மூன்று கதைகளை எடுத்து, மூன்று பேர் வரைந்த பீக்கரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரம்ப் வரைந்த பீக்கர் கூன் விழுந்து, ரோமம் அடர்ந்து, வியர்த்து வழிகிறார். டம் வரைந்தவர் பக்கத்துத் தெருவில் பார்க்கக்கூடிய சாதாரண ஆள். எழுதியவர் ஒருவரே, வாழ்ந்தவரும் அவரே. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், ‘பீக்கர் இப்படிப்பட்டவர்’ என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல வாய் வராது.

அவர் பொதுவெளியில் இருந்த விதமும் ஒரு பாடம். 1980களின் பின்பாதியில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பலமுறை அழைக்கப்பட்டார். வினோதமான கிளீவ்லண்ட்காரர் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்வையாளர்களுக்கு ஒரு வாய்ப்பு, அவருக்கோ புத்தகம் விற்க ஒரு வாய்ப்பு. 1988இல் அவர் அந்தத் தொலைக்காட்சியின் உரிமையாளரான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தையே நிகழ்ச்சியில் விமர்சிக்கத் தொடங்கி, அது பெரும் சண்டையில் முடிந்தது. ரசிகர்கள் இன்னும் இரு கட்சியாக நின்று பேசுகிறார்கள்: நேர்மையா, முரட்டுப் பிடிவாதமா? எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கோமாளி வேடத்துக்குக் கூலி வாங்கியவர், ஒரு கட்டத்தில் கூலி வேண்டாம் என்று வேடத்தைக் கழற்றினார். 2003இல் அவர் வாழ்க்கை படமாக வந்து, அதில் அவரே தோன்றிப் பேசினார். 2001வரை மருத்துவமனை வேலையை விடவேயில்லை. 2010இல் இறந்தார். இன்று கிளீவ்லண்ட் ஹைட்ஸ் நூலகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

மூன்றாம் படி: பக்கத்தில் வரும் ‘நான்’ ஒரு பாத்திரம்

புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் போவோம்.

1990களில் டொரண்டோவில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள்: செஸ்டர் பிரவுன், சேத், ஜோ மேட். மூவரும் தங்கள் வாழ்க்கையையே வரைந்தார்கள். ஒருவர் கதையில் மற்ற இருவரும் வருவார்கள். ஜோ மேட்டின் பக்கங்களில் ஜோ மேட் கஞ்சன், சோம்பேறி, சுயநலக்காரன், ஆபாசப் படங்களுக்கு அடிமை. சேத் பழைய காலத்துக் கோட்டும் தொப்பியும் அணிந்து, போன நூற்றாண்டின் முற்பாதிக்காக ஏங்குபவர். செஸ்டர் அமைதியின் உருவம், முகத்தில் எதுவும் அசையாது. மூன்று பேரின் புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, நண்பர்கள் கூடும் ஒரு உணவகத்தின் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்பதைப் போல இருக்கும். மூவரையும் நமக்குத் தெரியும் என்று மனம் நம்பிவிடும்.

நம்பியவர்களுக்கு சேத் ஒரு பாடம் வைத்திருந்தார். 1996இல் புத்தகமாக வந்த அவருடைய ‘இட்ஸ் எ குட் லைஃப், இஃப் யூ டோண்ட் வீக்கன்’ கதையில் சேத் என்பவர், கேலோ என்ற மறக்கப்பட்ட ஒரு பழைய நகைச்சுவை ஓவியரைத் தேடி அலைகிறார். செஸ்டர் வருகிறார், அம்மா வருகிறார், உண்மையான ஊர்கள் வருகின்றன. கடைசியில் கேலோ வரைந்த படங்களே இணைப்பாக இருக்கின்றன. வாசகர்கள் பலர் அதைத் தன்வரலாறு என்றே படித்தார்கள். கேலோ என்று ஒருவர் இருந்ததே இல்லை. அந்தப் படங்களை வரைந்ததும் சேத்தான். அதனால் அந்தப் புத்தகம் பொய் ஆகிவிடவில்லை. மறக்கப்படுவதைப் பற்றிய துயரம் அதில் முழு உண்மை. அந்தத் துயரத்தைச் சொல்ல, சேத் என்ற பாத்திரம் சேத் என்ற மனிதருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஜோ மேட்டின் பக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். சோம்பேறி என்று தன்னைச் சொல்லிக்கொள்பவரின் கோடு எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அளந்து விழுந்திருக்கிறது! ஒரு சோம்பேறிக்கு அந்தக் கை அமையாது. 2023இல் அவர் காலமானார். அவரைப் பேசும்போது நான் இப்போது ‘ஜோ மேட் கஞ்சன்’ என்று சொல்வதில்லை, ‘ஜோ மேட் தன்னைக் கஞ்சனாக வரைந்தார்’ என்கிறேன். ஒரு சொல் கூடினால் போதும், பேச்சே மாறிவிடும்.

அலிசன் பெக்டல் தன் அப்பாவைப் பற்றிய ‘ஃபன் ஹோம்’ (2006) புத்தகத்துக்காக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொருவரும் நிற்கும் நிலையில் தானே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து வரைந்தார். அப்பா நிற்கும் நிலையும் உட்பட. தன்வரலாறு எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை எனக்குப் புரியவைத்த செய்தி அது. டேனியல் கிளவ்ஸ் தன் ‘எய்ட்பால்’ இதழில், தன்னைப் போலவே தோன்றும் ஒருவனின் அன்றாடத்தைக் காட்டிவிட்டு, அதெல்லாம் போட்டுக் காட்டிய நடிப்பு என்று அடுத்தடுத்து உரித்துக்கொண்டே போகும் ‘ஜஸ்ட் அனதர் டே’ என்ற சிறுகதை செய்திருக்கிறார். நான்கைந்து பக்கம்தான். மற்ற தன்வரலாற்றுக் காமிக்ஸ்களுக்குப் போகும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

நான்காம் படி: தன்னை வரையாதவர்களையும் தேடுங்கள்

குணம் என்றதும் விசித்திரமானவர்களையே பேசுவது நம் ரசிகர் கூட்டத்தின் பழக்கம். சத்தம் போடாதவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரத்து ஹெர்னாண்டஸ் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ் பிடித்த அம்மா, வீடு நிறைய காமிக்ஸ், வெளியே பங்க் இசை. 1981இல் ‘லவ் அண்ட் ராக்கெட்ஸ்’ இதழைத் தாங்களே அச்சிட்டு விமர்சனத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பிய இடத்திலிருந்து விமர்சனத்தோடு பதிப்பிக்கும் அழைப்பும் வந்தது. அந்த இடமான ஃபாண்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம்தான் 1982 முதல் வெளியிடுகிறது. சகோதரர்களில் ஹைமே வரையும் மேகி, நாற்பது ஆண்டுகளாக நம்மோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறாள். உடம்பு போடுகிறாள், தோற்கிறாள், பழைய காதலைச் சந்தித்து என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கிறாள். ஹைமே தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லாமலே, அவர் மனிதர்களை எப்படிப் பார்க்கிறார் என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. புதியவர்களுக்கு என் யோசனை: ஆரம்பக் கதைகளில் விண்கலமும் டைனோசரும் வருவதால் குழப்பம் வரும். ஹைமேயின் இரண்டாம் தொகுப்பிலிருந்து தொடங்கி, பிறகு பின்னால் போங்கள். இன்னொரு சகோதரர் கில்பர்ட்டின் பலோமார் கிராமத்துக் கதைகளை முதலிலிருந்தே படிக்கலாம். நம் பக்கத்துக் கிராமத்துக் கதை படித்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

மாண்ட்ரியாலின் ஜூலி டூசே விஷயம் வேறு. 1980களின் இறுதியில் நகலெடுத்துத் தைத்த சிற்றிதழாகத் தொடங்கி, கனவையும் உடலையும் பயத்தையும் அதுவரை யாரும் வரையாத துணிச்சலோடு வரைந்தார். பிறகு, ஆண்கள் மட்டுமே நிறைந்த அந்தச் சூழலும், இரவு பகல் உழைப்புக்குக் கிடைத்த சொற்ப வருமானமும் சலித்து, 2000 வாக்கில் காமிக்ஸை விட்டே விலகினார். 2022இல் பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழா தன் மிக உயர்ந்த விருதை அவருக்குக் கொடுத்தது. அவர் ஏன் போனார் என்று பேசும்போது, அவர் குணத்தோடு நம்மைப் போன்ற ரசிகர் கூட்டத்தின் குணத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. லயன் காமிக்ஸ் ஆசிரியர் விஜயனின் ‘ஹாட்லைன்’ பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் கதைக்குள் போவோம், நினைவிருக்கிறதா? அமெரிக்கத் தனி இதழ்களிலும் ஆசிரியர் குறிப்பும் வாசகர் கடிதங்களும் அப்படியே கொழுத்துக் கிடக்கும். தொகுப்பாக வரும்போது பெரும்பாலும் அவற்றை வெட்டிவிடுகிறார்கள். பழைய தனி இதழ் எங்காவது மலிவாகக் கண்ணில் பட்டால், உங்களிடம் தொகுப்பு இருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: சங்கடமான மனிதர்கள்

எவ்வளவு தள்ளிப் போட்டாலும் ஒருநாள் டேவ் சிம் பெயர் பேச்சில் வந்தே தீரும். அப்போது தயாராக இருங்கள்.

கனடாவின் கிச்சனர் நகரம். 1977 டிசம்பரில் ‘செரிபஸ்’ என்ற எறும்புத்தின்னியின் கதையைத் தொடங்கினார். வாளேந்திய வீரர்களைக் கிண்டலடிக்கும் கதையாகத்தான் ஆரம்பம். 300 இதழ் வரைவேன், கடைசியில் செரிபஸ் சாவான் என்று அறிவித்தார். 2004 மார்ச்சில் 300ஆம் இதழ் வந்தது, அவன் செத்தான். 6,000 பக்கம். வாக்குக் கொடுத்து அதைக் கால் நூற்றாண்டு காப்பாற்றிய இன்னொருவரைக் காமிக்ஸில் காட்டுங்கள் பார்க்கலாம். எழுத்தையே ஓவியமாக்கியவர் அவர். குடிபோதையில் பேசினால் எழுத்து தள்ளாடும், கிசுகிசுத்தால் சுருங்கும். தாங்களே பதிப்பிக்க நினைத்த இளைஞர்களுக்குத் தன் வரவு செலவைக்கூடத் திறந்து காட்டி வழி சொன்னவரும் அவரே.

1994இல் 186ஆம் இதழ் வந்தது. கதைக்கு நடுவில் நீண்ட கட்டுரை. பெண்களைப் பற்றி, சிந்திக்கத் தெரியாதவர்கள், ஆணின் ஆற்றலை உறிஞ்சும் வெற்றிடம் என்ற ரீதியில். வாசகர்கள் அதிர்ந்து போனார்கள். பலர் அன்றோடு நிறுத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை. பின்னாளில், நான் பெண்வெறுப்பாளன் என்று நம்பவில்லை எனக் கையெழுத்திட்டால்தான் உங்களோடு பேசுவேன் என்று நிபந்தனை வைக்கும் அளவுக்குப் போனார்.

இதை எப்படிப் பேசுவது? நான் மூன்று கூடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் அச்சாகி இருப்பது முதல் கூடை. படைப்பாளி தன் பெயரில் பகிரங்கமாகச் சொன்னது இரண்டாவது. அடுத்தவர் சொல்லிக் கேட்டது மூன்றாவது. சிம்மின் 186ஆம் இதழ் முதல் இரண்டு கூடைகளிலும் இருக்கிறது. எனவே தயங்காமல், கடுமையாகப் பேசலாம். அவருக்கு மனநோய், மணமுறிவுதான் காரணம் என்பதெல்லாம் மூன்றாவது கூடை. அதை நான் வாயில் எடுப்பதில்லை. ஒருவர் யோசித்து, எழுதி, திருத்தி, அச்சிட்ட கருத்தை நோய் என்று சொல்வது அந்தக் கருத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது. நோயால் அவதிப்படும் மற்றவர்களுக்கும் அது அநியாயம்.

ஆனால் சிம்மைப் படிக்கலாமா? நான் படித்தேன். தேர்தல் அரசியலைப் பிரித்து மேயும் ‘ஹை சொசைட்டி’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். நடுவில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள், அது தோல்வி இல்லை. செரிபஸ் படித்த பெண் தோழி ஒருவர் ‘ஜாகாஸ் ஸ்டோரி’ தொகுப்போடு நிறுத்தினார். அவரிடம் அந்தத் தொகுப்பைப் பற்றிக் கேட்டது, 300 இதழும் முடித்தவர்களிடம் கேட்டதைவிட ஆழமாக இருந்தது. இன்னொன்று: 65ஆம் இதழிலிருந்து பின்னணிகளை வரைந்தவர் ஜெர்ஹார்ட். அந்தக் கற்சுவர்களும் படிக்கட்டுகளும் மர இழைகளும் அவர் கை. செரிபஸைப் பேசுகிறவர்கள் சிம்மைப் பற்றியே வாதிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். ஜெர்ஹார்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள், கூட்டத்தில் உங்களுக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

கிரம்ப் இன்னொரு வகைச் சங்கடம். அவர் பக்கங்களில் இனவெறிக் கேலிச்சித்திரங்களும் பெண்களை வதைக்கும் கற்பனைகளும் உண்டு. தன் மனத்தின் சாக்கடையைத் திறந்து காட்டுகிறார் என்பது ஒரு வாதம். சாக்கடை யார் மேல் தெறிக்கிறது என்பது எதிர்வாதம். எனக்கு எதிர்வாதம்தான் சரியாகப் படுகிறது. அதே சமயம், அவரும் மனைவி அலீன் கொமின்ஸ்கியும் ஒரே கட்டத்துக்குள் அவரவர் உருவத்தை அவரவரே வரைந்து, பல்லாண்டு தங்கள் திருமணத்தைப் பற்றிச் செய்த பக்கங்களை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அவருடைய நுணுக்கமான கோட்டுக்குப் பக்கத்தில் அலீனின் முரட்டுக் கோடு கொஞ்சமும் கூசாமல் நிற்கிறது. கிரம்பைத் தனியாகப் படிப்பதைவிட அங்கே படிப்பது நல்லது. இரண்டுமே பெரியவர்களுக்கு மட்டும். வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் அலமாரியில் ‘போன்’ இருக்கட்டும்.

ஆறாம் படி: கூட்டத்தில் உட்காரும்போது

பெருநகரப் புத்தகக் கண்காட்சியின் ஓரத்திலோ, ஒரு டீக்கடையிலோ நான்கு காமிக்ஸ் ரசிகர்கள் கூடினால் பேச்சு ஓடும் விதம் உங்களுக்குத் தெரியும். புதியவர் பயப்படத் தேவையில்லை. படிக்காததைப் படித்ததாகச் சொல்லாதீர்கள், அது ஒன்றே விதி. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்குப் பதில் எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று சொல்லுங்கள். புத்தகத்தை எடுத்துப் போய் விரித்து வையுங்கள். விரித்த பக்கத்தின் முன்னால் வம்பு தானாக அடங்கிவிடும், எல்லோரும் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். யாராவது ஒரு படைப்பாளியைப் பற்றி ‘அவர் நேரில் மோசமாமே’ என்றால், நேரில் என்றால் எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று மென்மையாகக் கேளுங்கள். விழாவில் மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கையொப்பமிட்டுக் களைத்த ஒருவரின் ஒரு நிமிட முகச்சுளிப்பு, பல ஆண்டுகளாக வதந்தியாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: வாங்குவதும் எழுதுவதும்

முதலீடாக நினைத்து வாங்காதீர்கள். நின்ஜா ஆமைகளின் வெற்றியைப் பார்த்து 1986இல் கறுப்பு வெள்ளை இதழ்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. கடைகளும் பதிப்பாளர்களும் மூழ்கினார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத அடிப்படையில்தான் இதழ்களை வாங்கும். விற்காதது கடைக்காரர் தலையில்தான் விழும். அதனால்தான் பெயர் தெரியாத படைப்பாளியின் இதழை அவர்கள் இரண்டு மூன்று பிரதிக்கு மேல் எடுப்பதில்லை. முன்பதிவு செய்யும் வாசகர் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

நமக்கு இங்கிருந்து தனி இதழ் வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். தொகுப்பை வாங்குங்கள், அல்லது மின்பதிப்பு. மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்துச் சுற்றுக்கு விடலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். படைப்பாளி தன் தளத்தில் நேரடியாக விற்றால் அங்கேயே வாங்குங்கள். திருட்டு ஸ்கேன் வேண்டாம். பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு புள்ளி, தனி மனிதருக்கு அடுத்த இதழின் அச்சுக் கூலி.

பிறகு எழுதுங்கள். ஜாய்ஸ் பிராப்னர் என்ற பெண் டெலவேர் மாநிலத்தில் ஒரு காமிக்ஸ் கடையின் பங்குதாரராக இருந்தார். கடைக்கு வந்த ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ புது இதழ் அவர் படிக்கும் முன்பே விற்றுப்போனது. நேராக பீக்கருக்கே கடிதம் போட்டு ஒரு பிரதி கேட்டார். கடிதம் தொலைபேசியானது, தொலைபேசி கிளீவ்லண்ட் பயணமானது, பயணம் திருமணமானது. பீக்கருக்குப் புற்றுநோய் வந்த ஆண்டைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1994இல் வந்தது. 2024இல் ஜாய்ஸும் போய்விட்டார்.

உங்கள் கடிதத்துக்கு அப்படியெல்லாம் நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து வரைபவர்களில் பலர் வாசகர் கடிதத்தை உண்மையாகவே படிக்கிறார்கள். நான்கு வரி போதும். முதல் வரியில் எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள், தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர் என்பது அவர்களுக்குச் செய்தி. இரண்டாவது வரியில் எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம். மூன்றாவதில் அந்தப் பக்கத்தில் நீங்கள் கண்டது என்ன என்பது, பாராட்டுச் சொற்கள் இல்லாமல். அவர் சொந்த வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். நான்காவது வரியில், புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள்: கடையா, நண்பரா, நூலகமா. தன் புத்தகம் எந்த வழியாகப் பயணம் போகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியே கிடையாது.